நூறு வயது நிறையும் முன்

இந்தியச் சட்டத்தின் கண்ணில் ஒரு பொருள் தொல்பொருளாக வேண்டுமானால் அதற்குக் குறைந்தது 100 வயது ஆகியிருக்க வேண்டும். தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் பற்றிய 1972ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் வரையறுக்கிறது. சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் மட்டும் 75 ஆண்டு போதும். அதற்கு வெகுகாலம் முன்பே, 1878இல் வந்த புதையல் சட்டம், மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியரிடம் தெரிவிக்கச் சொன்னது. நம் அருங்காட்சியகங்களில் நிற்கும் செப்புத் திருமேனிகளில் பல அந்த வழியில் வந்தவை. மண்ணில் புதைந்ததற்கும் நூறு வயதைத் தாண்டியதற்கும் இப்படி ஏதோ ஒரு காவல் உண்டு. நீர் இறைத்த கமலைச் சாலுக்கும் நெல் அளந்த மரக்காலுக்கும் கொல்லன் அடித்த பாக்குவெட்டிக்கும் கல்யாணச் சீராக வந்த டிரங்குப் பெட்டிக்கும் டீக்கடைப் பெஞ்சுக்கும் அது இல்லை. அவை அறுபது, எழுபது வயதிலேயே பழைய இரும்புக் கடைக்கோ அடுப்புக்கோ போய்விடுகின்றன. சிறுநகரங்களுக்கு அருங்காட்சியகம் எதற்கு என்று கேட்டால், நான் காட்டக்கூடிய இடம் இந்த இடைவெளிதான். பொருளைப் பயன்படுத்தியவர் உயிரோடு இருக்கும் ஆண்டுகள் அதற்குள்தான் அடங்குகின்றன. பொருளைப் பெறுவதற்கு முன்னால் அதைப் பற்றி அவர் சொல்வதைப் பெறுவதே அத்தகைய அருங்காட்சியகத்தின் முதல் வேலை என்பதும், அதைச் செய்யத் தலைநகரத்து அருங்காட்சியகத்தால் முடியாது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

அன்றாடப் பொருளின் மதிப்பைத் தமிழ் வாசகருக்கு இனிப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. கீழடி அதைச் செய்துவிட்டது. 2014இல் தொடங்கிய அந்த அகழாய்வில் அரண்மனையோ பெருங்கோயிலோ கிடைக்கவில்லை. நூல் நூற்ற தக்களி, விளையாடிய வட்டச்சில்லு, பகடைக்காய், உறைகிணறு, ‘ஆதன்’ போன்ற பெயர்களைக் கீறிய பானையோடு ஆகியவை கிடைத்தன. கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லும் இந்த வீட்டுப் பொருள்களைப் பார்க்கத்தான் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு மக்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தொல்லியலாளர் அங்கே பட்ட பாட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு தக்களி எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று அங்குலம் அங்குலமாகக் குறிக்கிறார். அந்தக் குறிப்பு இல்லாத தக்களி வெறும் சுட்ட மண். குறிப்பு இருந்தாலும் அதைச் சுழற்றியவர் யார், நூலுக்கு என்ன கிடைத்தது, எந்த நேரத்தில் நூற்றார் என்பதையெல்லாம் ஊகிக்கத்தான் முடியும். எழுபது வருடத்துக்கு முந்தைய ராட்டைக்கு இந்த ஊகம் தேவையில்லை. நூற்றவரையோ அவர் மகளையோ கேட்கலாம். அகழாய்வுக்கு மண்ணடுக்கு எப்படியோ, அன்றாடப் பொருளுக்கு மனிதர் அப்படி. அந்த மனிதர் இறந்த பிறகு பொருளை எடுத்துக் கண்ணாடிப் பேழையில் வைப்பது, மண்ணடுக்கைக் கலைத்துவிட்டு அகழாய்வு செய்வதற்குச் சமம்.

நம் நாட்டில் அருங்காட்சியகச் சேகரிப்பு நடந்த விதம் இதற்கு நேர் எதிரானது. சென்னையில் அரசு அருங்காட்சியகம் தொடங்கிய 1851 முதல் பொருள்கள் ஊரிலிருந்து தலைநகருக்கும், சில சமயம் அதையும் தாண்டியும் பயணப்பட்டன. ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டிய யாகோர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னைக்கு வந்தன. தாமிரபரணிக் கரையில், அந்தக் களத்திலேயே, தாழிகள் கிடந்த குழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே ஊர்க்காரர்கள் பார்க்கும் ஏற்பாடு 2023இல்தான் வந்தது. மனிதர்களைப் பற்றிய சேகரிப்பும் இப்படித்தான். சென்னை அருங்காட்சியகத்தை நெடுங்காலம் நடத்திய எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். உழைப்பால் விளைந்த, இன்றும் பயன்படும் நூல் அது. ஆனால் மூக்கும் மண்டையும் அளக்கப்பட்ட மனிதர்கள் அதில் தங்கள் கலப்பையைப் பற்றியோ தறியைப் பற்றியோ தாமே பேசுவது அரிது. மாறாக நின்றது புதுக்கோட்டை. சமஸ்தானமாக இருந்த அந்தச் சிறு நகரம் 1910இலேயே தனக்கென அருங்காட்சியகம் வைத்துக்கொண்டது. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகும் திருக்கோகர்ணத்தில் அது நிலைத்திருக்கிறது. இன்று மாநிலம் முழுவதும் இருபதுக்கும் மேற்பட்ட அரசு அருங்காட்சியகங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கற்சிலை, செப்புத் திருமேனி, நாணயம், பதப்படுத்திய விலங்கு என்று சென்னையின் பகுப்பைச் சிறிய அளவில் பின்பற்றுகின்றன. அந்தந்த ஊரின் நேற்றைய வாழ்க்கைக்கு அங்கே கிடைக்கும் இடம் குறைவு.

அன்றாட வாழ்க்கையைச் சேர்க்கும் எண்ணம் உலகில் புதிதல்ல. இயந்திரத் தொழில் கிராமங்களைக் காலி செய்துகொண்டிருந்த சுவீடனில் ஆர்தர் ஹசேலியஸ் 1872இல் உழவர்களின் உடைகளையும் கருவிகளையும் சேர்க்கத் தொடங்கி, 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். வீடுகளையே பெயர்த்துவந்து நட்டார். வட இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டுவந்த காலத்தில், ஸ்காண்டிநேவிய நாடுகளில் பார்த்ததால் தூண்டப்பட்ட பிராங்க் அட்கின்சன், மக்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்தார்; 1970இல் உருவான பீமிஷ் அருங்காட்சியகத்துக்கு முன்னோடியாக ஒரு பழைய ராணுவ முகாமின் கொட்டகைகள் நிரம்பின. பிரான்சில் 1971இல் உக் டி வாரின் பெயர்சூட்டிய சூழல் அருங்காட்சியகம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கட்டடத்துக்குப் பதில் ஒரு வட்டாரம், பார்வையாளருக்குப் பதில் அங்கே வாழும் மக்கள் என்றது அது. நம் பக்கத்திலும் முன்மாதிரிகள் உண்டு. புனேயில் தினகர் கேல்கர் விளக்கு, பாக்குவெட்டி, சமையற்பாத்திரம் என்று வாழ்நாளெல்லாம் சேர்த்து, இறந்துபோன மகன் ராஜாவின் பெயரிட்ட சேகரிப்பை மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். இலங்கையின் தெற்கே கொக்கலவில் சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீட்டை ஒட்டி உழவுக் கருவியும் மீன்பிடிக் கருவியுமாக ஒரு நாட்டார் அருங்காட்சியகம் இயங்குகிறது. ஆனால் என் வாதத்துக்கு நெருங்கி வருவது ஜோத்பூருக்கு அருகே கோமல் கோத்தாரி உருவாக்கிய அர்ணா ஜர்ணா அருங்காட்சியகம். அதன் மையப் பொருள் விளக்குமாறு. எந்தப் புல், எந்த நிலத்தில் விளைவது, யார் கட்டுகிறார்கள், எப்படி விற்கிறார்கள், வீட்டுக்குள் கூட்டுவது எது, களத்தைக் கூட்டுவது எது, எதை எங்கே சாத்தக் கூடாது என்ற கேள்விகளோடு ஒரு பாலைநிலத்தின் தாவரம், சாதி, சந்தை, நம்பிக்கை எல்லாம் அதன் வழியாக விரிகின்றன. அடுத்தடுத்து வைத்த நூறு விளக்குமாறுகளால் மட்டும் இது நடந்திருக்காது. கோத்தாரி பல பத்தாண்டுகள் ராஜஸ்தானத்து மக்களோடு உட்கார்ந்து கேட்டதால் நடந்தது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா, செட்டிநாட்டு வீடு முதல் கேரளத்து வீடு வரை பெயர்த்துவந்து மீண்டும் எழுப்பிப் பெரும்பணி செய்திருக்கிறது. என்றாலும் ஊரைவிட்டு வந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இருக்க மாட்டார். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று தெரிந்தவர் அந்தத் தெருவில்தான் இருப்பார்.

முதலில் வரும் மறுப்பு எளிமையானது. எல்லா ஊரிலும் அதே உரல், அதே உலக்கை, அதே அரிக்கன் விளக்கு. ஓரிடத்தில் பார்த்தால் போதாதா என்பது. பதிவேடு இல்லாத இடத்தில் இது முழு உண்மை. மரக்காலை எடுத்துக்கொள்வோம். எட்டு நாழி ஒரு குறுணி, குறுணிதான் மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று வாய்ப்பாடு சொல்லும். ஆனால் நாழியும் படியும் ஊருக்கு ஊர் வேறு. ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் கையேடுகளே அந்த வேறுபாடுகளைக் குறித்து வைத்திருக்கின்றன. 1956இல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் புழக்கத்துக்கு வந்தபோது இந்த அளவைகள் ஒரே தலைமுறையில் கையைவிட்டுப் போயின. இன்று ஒரு பேழையில் ‘மரக்கால், மரம், இரும்புப் பட்டை’ என்ற அட்டையோடு அது நின்றால் எந்த ஊர் மரக்காலும் மற்றதைப் போலத்தான். அதே மரக்காலோடு அது எவ்வளவு நெல் கொள்ளும், வாங்க ஒன்றும் கொடுக்க ஒன்றும் இருந்ததா, களத்தில் அளந்தவர் யார், குவித்து அளந்தார்களா தலை தட்டி அளந்தார்களா, தச்சருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் எத்தனை மரக்கால் போயிற்று என்ற விடைகள் சேர்ந்தால் அது அந்த ஊரின் பொருளாதார ஆவணம். தஞ்சையில் இந்தக் கேள்விக்கு உயிர் விலை உண்டு. 1940களில் கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் சங்கமாகத் திரண்டபோது சவுக்கடி, சாணிப்பால் தண்டனைகளை ஒழிக்கக் கேட்டதோடு, கூலியை முத்திரை மரக்காலில் அளக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். நெல்கூலியைக் கூட்டிக் கேட்ட போராட்டங்களின் பின்னணியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நாகப்பட்டினத்துப் பகுதி மரக்காலையும் கம்பத்து மரக்காலையும் ஒன்றென்று சொல்ல எனக்கு மனம் வராது.

இதிலிருந்தே கடுமையான இரண்டாவது மறுப்பு கிளம்புகிறது. அன்றாட வாழ்க்கை அருங்காட்சியகம் என்பது பழைய காலத்தைப் பளபளப்பாக்கிக் காட்டும் ஏக்கக் கூடம். சாதியையும் அடிமை உழைப்பையும் துடைத்துவிட்டுப் பித்தளைக் குத்துவிளக்கை மட்டும் வைக்கும் என்பார்கள். இந்த மறுப்பை நான் பெருமளவு ஏற்கிறேன். எஞ்சி நிற்கும் பொருள்களே பாரபட்சமானவை. பரண் இருந்த வீட்டில் பொருள் தங்கியது. குடிசையில் மண்சட்டி உடைந்தது, ஓலை மக்கியது, தீப்பிடித்தால் எல்லாம் போயிற்று. கிடைத்ததை மட்டும் வாங்கி வைக்கும் அருங்காட்சியகம் தெரியாமலேயே வசதி படைத்தவர்களின் அருங்காட்சியகமாகிவிடும். சாட்சியத்தை முன்னால் வைக்கும் முறை இந்தக் கோணலை நிமிர்த்த வல்லது. பொருள் இல்லாதவரிடமும் சொல்ல இருக்கிறது. எது இல்லை என்பதையும் அவர்தான் சொல்வார். டீக்கடையில் ஒரு சாரருக்குக் கண்ணாடி டம்ளரும் இன்னொரு சாரருக்குச் சிரட்டையும் இருந்த ஊர் தன் அருங்காட்சியகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். சிரட்டையில் குடித்தவரின் குரல் அங்கே கேட்க வேண்டும். கமலைச் சாலின் அடியில் தண்ணீரை வாய்க்காலில் கொட்டும் நீண்ட தோல்பகுதி இருக்கும். அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர் எந்தத் தெருவில் இருந்தார், அறுவடையில் அவருக்கு என்ன அளந்தார்கள், அவர் இறைக்க உதவிய கிணற்றில் அவரால் தண்ணீர் எடுக்க முடிந்ததா என்பதை எழுதாமல் கமலையைப் பற்றி எழுதியது எழுதியதாகாது. இதற்கு ஊரில் எதிர்ப்பு வரும். கொடுத்த குடும்பத்தின் பெயரைப் பலகையில் பெரிதாகப் போடச் சொல்வார்கள். சங்கடமான அட்டையை எடுக்கச் சொல்வார்கள். சிறுநகரத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பது இந்த வேலையின் பலமும் அபாயமும் ஆகும். அதனால்தான் எதை வாங்குவது, எதை எழுதுவது என்று முடிவுசெய்யும் குழுவில் எல்லாத் தெருக்காரர்களும் இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைத்துவிட வேண்டும். சர்வதேச அருங்காட்சியக மன்றம் 2022இல் பிராகாவில் ஏற்ற புதிய வரையறையும் சமூகங்களின் பங்கேற்பைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

புகைப்படமும் காணொளியும் இருக்கும்போது பொருள் எதற்கு என்பார் சிலர். என் வாதத்தின்படி அவர்களுக்குப் பாதி வெற்றியைக் கொடுத்தே ஆக வேண்டும். கதை தெரியாத ஐம்பது உரலைவிட ஒரு உரலும் ஐம்பது பெண்களின் குரல்பதிவும் மேல். ஆனால் உலக்கையின் பூண் தேய்ந்த விதத்தையும் அதன் எடையையும் படம் சொல்லாது. ஒரு பெண் அதைத் தூக்கிப் பார்க்கும்போதுதான், அவள் பாட்டி ஒரு நாளில் எத்தனை முறை அதைத் தூக்கினாள் என்ற கேள்வியே எழும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் எனாமல் தூக்குகளும் மரச் சாமான்களும் அடுக்கியிருக்கின்றன. வணிகர்கள் தம் தொழிலைச் செய்கிறார்கள்; அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தூக்கு அங்கிருந்து பெங்களூரு உணவகத்தின் அலங்காரமாகப் போகும்போது எந்த வீடு, எந்த ஊர், பர்மாவிலிருந்து யார் கொண்டுவந்தது என்பது கூடப் போவதில்லை. அதே காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா வேறு மாதிரிச் செய்தார். நூல்களோடு சேர்த்து மற்றவர்கள் வீசியெறிந்த பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாவற்றையும் திரட்டி வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தை ஆராய்கிறவர் யாரும் அதைத் தவிர்க்க முடியாது. ஒரு சிறிய ஊர்க்காரர் தன் காலத்தின் காகிதங்களை அவை மலிவாக இருந்தபோதே சேர்த்தார் என்பதே அதன் வலிமை. காகிதத்துக்கு அவர் செய்ததைப் புழங்குபொருளுக்குச் செய்த ஊர் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. சொல்லுக்குச் செய்தவர்கள் இருக்கிறார்கள்: கரிசல் வட்டாரச் சொற்களுக்கு கி. ராஜநாராயணன் அகராதி தொகுத்தார். அவரைத் தொடர்ந்து கொங்குக்கும் நடுநாட்டுக்கும் அகராதிகள் வந்தன. பாதி வேலை அங்கே ஆகியிருக்கிறது. தொ. பரமசிவன் அன்றாடப் பழக்கங்களிலிருந்து வரலாற்றை எழுதிக் காட்டியதையும் இதோடு சேர்த்தே வைக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. கறையானும் ஈரமும் சிறு நகரத்துக் கட்டடத்தில் மரத்தையும் துணியையும் அரித்துவிடும்; பயிற்சி பெற்ற வேதியியலாளர் அங்கே இருக்க மாட்டார். செப்புத் திருமேனியோ சுவடியோ கிடைத்தால் அதை மாவட்ட அருங்காட்சியகத்திடம் கொடுத்துவிடுவதே பொறுப்பான செயல். உரலுக்கும் மரக்காலுக்கும் அவ்வளவு தேவையில்லை; சுத்தமும் காற்றோட்டமும் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கும் பதிவேடும் போதும். இதைவிடப் பெரிய கேள்வி, திறப்பு விழாவுக்குப் பிறகு யார் கதவைத் திறப்பார்கள் என்பது. ஒரு தனிமனிதரின் ஆர்வத்தில் தொடங்குபவை அவரோடு முடிகின்றன; அரசிடம் ஒப்படைக்கும் வரை கேல்கர் சேகரிப்பும் ஒரு மனிதரின் தோளில்தான் இருந்தது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதன்முதலாக, 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் சிந்தனை அதன் பின்னால் இருந்தது. சொத்து வரியோடு நூலக வரி வசூலாகி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இயங்குகின்றன. கட்டடம், பணியாள், பதிவேடு எழுதும் பழக்கம், தினமும் வந்துபோகும் பெரியவர்கள் என்று நான்கும் அங்கே உண்டு. கிளை நூலகத்தின் ஓர் அறையில், அல்லது ஒரு சுவரில், இந்த வேலை தொடங்கலாம். கீழடிக்குச் செலவிட்டது போல் கோடிகளில் இதற்கு வேண்டியதில்லை. நூலகரின் சுமை ஏற்கெனவே அதிகம் என்பது தெரிந்தே சொல்கிறேன். அதனால் அதற்கென ஓர் உள்ளூர் ஆளைப் பகுதிநேரமாக அமர்த்துவது நூலக வரியின் முறையான செலவாகவே கருதப்பட வேண்டும்.

எவ்வளவு அண்மைக் காலம்வரை சேர்ப்பது என்பதில்தான் பலர் தயங்குகிறார்கள். ஆட்டுக்கல்லை வாங்கும் அருங்காட்சியகம் கிரைண்டரை வாங்கத் தயங்குகிறது. கோயம்புத்தூர் கிரைண்டர் வந்ததும், அது நடுத்தர வீடுகளில் பரவியதும், 2011க்குப் பிறகு அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் வழங்கியதும் தமிழ்நாட்டுச் சமையலறையில் பெண்களின் நேரத்தை மாற்றிய நிகழ்ச்சிகள். 2006 முதல் வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி மாலைப்பொழுதை மாற்றியது. இவற்றின் அரசியலைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். ஒரு வீட்டுக்குள் அவை செய்ததைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. அரசு முத்திரையோடு கூடிய அந்தக் கிரைண்டர்கள் பழுதாகி, பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கி ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் வைப்பது எளிது. அது வந்த நாளில் யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார், ஆட்டுக்கல்லைப் பிறகு எங்கே போட்டார்கள், மிஞ்சிய நேரம் வேலைக்குப் போக உதவியதா, வேறு வேலையாக வந்து சேர்ந்ததா, மின்வெட்டு நீண்ட அந்த ஆண்டுகளில் அது எத்தனை நாள் சுற்றியது என்று கேட்டு எழுதுவதுதான் கடினமான பகுதி. வரிசையில் நின்று அதை வாங்கிய பெண்கள் இன்று ஐம்பதுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய மாமியார்களில் ஆட்டுக்கல் சுற்றியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துக் கேட்க இந்தப் பத்தாண்டு ஏற்றது.